போரும் பேரிடரும் வரும்போது மரபுச் செல்வங்களை எப்படிக் காப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவடிகள், ஆவணங்கள், சிலைகள், பழைய கட்டடங்கள் இவற்றையெல்லாம் போர்க்காலத்திலும் வெள்ளம், தீ, நிலநடுக்கம் வரும்போதும் எப்படிக் காப்பாற்றுவது என்று சில வருடங்களாகப் படித்தும் பேசியும் வருகிறேன். யாரிடம் பேசினாலும் திரும்பத் திரும்ப வருவது கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்லிவிட்டு மீதியை மறந்துவிடுகிறேன் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

மரபுச் செல்வம் என்றால் கோயில், சிலை, கோட்டை இவைதானே?

அவையும் உண்டு, ஆனால் அவை மட்டும் இல்லை. நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், தொல்லியல் களம், பழைய ஒலிப்பதிவுகள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாமே இதில் அடங்கும். ஒரு பாட்டைப் பாடத் தெரிந்தவர், சுண்ணாம்புச் சாந்தைப் பழைய முறையில் அரைக்கத் தெரிந்த கொத்தனார், இவர்களிடம் இருக்கும் அறிவும் மரபுதான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய கோபுரம் இடிந்தால் உலகமே பார்க்கும். ஒரு காப்பகத்தின் அடித்தளத்தில் இருந்த பதிவேடுகள் நனைந்து அழுகினால் யாருக்கும் தெரியாது. எண்ணிக்கையில் பார்த்தால் இப்படிச் சத்தமில்லாமல் போவதுதான் அதிகம்.

ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கல்லையும் காகிதத்தையும் பற்றிக் கவலைப்படுவது சரியா?

நியாயமான கேள்வி. இதைக் கேட்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதே இல்லை. உயிர்தான் முதலில். மீட்புப் பணிக்குப் பயிற்சி தருகிறவர்கள் சொல்லும் முதல் விதியும் அதுதான்: எந்தப் பொருளும் ஓர் உயிருக்கு ஈடில்லை, கட்டடம் பாதுகாப்பானது என்று உரியவர்கள் சொல்லாமல் உள்ளே காலை வைக்கக் கூடாது.

ஆனால் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை விட்டுவிட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சேயில் நிலப் பதிவு ஆவணங்கள் உப்புநீரிலும் சேற்றிலும் ஊறிப் போயின. வீடு போய், சொந்தம் போய் நின்றவர்களுக்கு ‘இது என் நிலம்’ என்று சொல்ல அந்தக் காகிதம்தான் சாட்சி. அவற்றை உறையவைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய் உலர்த்தினார்கள். அது மரபைக் காத்த வேலையா, மக்களைக் காத்த வேலையா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. 1992 ஆகஸ்டில், போஸ்னியப் போரின்போது, முற்றுகையில் இருந்த சரயேவோவின் தேசிய நூலகம் குண்டுவீச்சில் எரிந்தபோது நகர மக்களும் நூலகர்களும் வரிசையாக நின்று கைமாற்றிப் புத்தகங்களை வெளியே எடுத்தார்கள். அந்த நாளில் ஐடா புட்டுரோவிச் என்ற நூலகர் வீடு திரும்பும் வழியில் குண்டுச் சிதறலில் இறந்தார். முற்றுகைக்குள் பசியோடு இருந்த மக்கள்தான் புத்தகத்துக்காக ஓடினார்கள். ‘இந்த நேரத்தில் இது தேவையா’ என்ற கேள்வி பெரும்பாலும் தொலைவில் இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அப்படிக் கேட்டு நான் அறிந்ததில்லை.

போர் என்றால் எல்லாம்தான் இடியும். யாராவது வேண்டுமென்றே நூலகத்தைக் குறிவைப்பார்களா?

குறிவைப்பார்கள், பலமுறை வைத்திருக்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டம் ‘நாங்கள் இங்கே நெடுங்காலமாக வாழ்கிறோம்’ என்று சொல்ல ஆதாரமாக நிற்பது எதுவோ அதை அழித்தால் அந்தப் பேச்சையே அழித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். 2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள், ஒன்று 55 மீட்டர், மற்றது 38 மீட்டர், வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2015இல் சிரியாவின் பழைய நகரமான பல்மைராவின் பெல் கோயிலும் பால்ஷமின் கோயிலும் அதே கதிக்கு ஆளாயின. அந்த இடத்தை நாற்பது வருடங்களாகப் பார்த்துக்கொண்ட கலீத் அல்-அசாத் என்ற முதிய தொல்லியலாளரை அதே ஆகஸ்டில் கொன்றார்கள்.

நமக்கு இது புதுக்கதை இல்லை. 1981 ஜூன் 1ஆம் தேதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதைப் பற்றிப் பேசும் முதியவர்கள் இன்றும் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த அலமாரியில் எந்தப் புத்தகம் இருந்தது என்றுதான் பேசுகிறார்கள்.

தற்செயலாக அழிவதும் நிறைய உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் விழுந்த குண்டின் அதிர்வில் சுவர் விரியும், கூரை ஓடு சரியும், அப்புறம் முதல் மழை உள்ளே இறங்கும். இந்த வகையில்தான் முன்னேற்பாடு மிகவும் பலன் தரும்.

இதற்கென்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. முக்கியமானது 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. இரண்டாம் உலகப் போரின் அழிவைப் பார்த்த பிறகு, ஆயுத மோதலின்போது பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதற்கென்றே யுனெஸ்கோவின் முயற்சியில் எழுதப்பட்டது. அதோடு சேர்ந்த முதல் நெறிமுறை, அதாவது இணைப்பு ஒப்பந்தம், ஆக்கிரமித்த நிலத்திலிருந்து பொருள்களை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. 1999இல் வந்த இரண்டாம் நெறிமுறை, போஸ்னியப் போரில் கிடைத்த பாடங்களை வைத்துப் பழைய ஓட்டைகளை அடைக்கப் பார்த்தது. இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தியா 1958லேயே சேர்ந்துவிட்டது, அமெரிக்கா 2009இலும் பிரிட்டன் 2017இலும்தான் சேர்ந்தன.

சட்டத்தின் சாரம் இரண்டே கடமைகள். ஒன்று, மதிப்பது: தாக்கக் கூடாது, தாக்குதலுக்கு ஆளாகும்படி இராணுவத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது, கொள்ளையடிக்கக் கூடாது, பழிக்குப் பழியாகவும் இடிக்கக் கூடாது. இரண்டு, பேணுவது: அமைதிக் காலத்திலேயே தயாராக வேண்டும். பலருக்கும் முதல் கடமை மட்டும்தான் தெரிகிறது. இரண்டாம் நெறிமுறை, பொருள்களின் பட்டியல் தயாரிப்பது, தீக்கும் இடிபாட்டுக்கும் அவசரத் திட்டம் வைத்திருப்பது, இடம் மாற்ற ஏற்பாடு செய்வது, யார் பொறுப்பு என்று குறிப்பது என்று வரிசையாகச் சொல்கிறது. ஒரு நாடு கையெழுத்துப் போட்டுவிட்டு இதைச் செய்யாமல் இருந்தால் பாதிச் சட்டத்தைத்தான் கடைப்பிடிக்கிறது.

நீலமும் வெள்ளையுமாக ஒரு கேடயக் குறி இருக்கிறதே, அதை மாட்டினால் குண்டு விழாதா? எதிரிக்கு நாமே இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

அது நீலக் கேடயம், ஹேக் உடன்படிக்கை தந்த அடையாளம். மருத்துவமனைக்குச் செஞ்சிலுவை எப்படியோ, பண்பாட்டுச் சொத்துக்கு இது அப்படி. கட்டடத்தில் மட்டுமல்ல, அதைக் காக்கும் பணியில் இருப்பவர்களின் கையிலும் இந்தக் குறி இருக்கலாம். இதே பெயரில் 1996இல் ஓர் அமைப்பும் தொடங்கப்பட்டது. காப்பகங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள், நினைவுச் சின்னங்கள் சார்ந்த நான்கு உலக அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது அது.

குறி இரும்புக் கவசம் இல்லை. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி செய்வதுதான் அதன் வேலை. உங்கள் இரண்டாவது கேள்வியும் உண்மைதான். எதிர்த் தரப்பு சட்டத்தை மதிக்கும் படை என்றால் குறி காக்கும். மரபை அழிப்பதே நோக்கம் என்றால் அதே குறி வழிகாட்டும். அதனால் குறியை எப்போது மாட்டுவது, எப்போது மாட்டாமல் இருப்பது என்பதை அந்த இடத்தின் பொறுப்பாளர்கள் நிலவரம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது.

‘இராணுவத் தேவை’ என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறதாமே. அப்படியென்றால் சட்டமே வீண்தானே?

விதிவிலக்கு இருக்கிறது. 1954 உடன்படிக்கையில் அது மிகவும் தளர்வாக இருந்தது. இரண்டாம் நெறிமுறை அதை இறுக்கியது: அந்தச் சொத்து தன் பயன்பாட்டால் இராணுவ இலக்காக மாறியிருக்க வேண்டும், வேறு வழியும் இல்லாமல் இருக்க வேண்டும், முடிந்தால் முன்கூட்டியே எச்சரிக்கவும் வேண்டும்.

இந்த விதிவிலக்கு எப்படியெல்லாம் தவறாகப் போகும் என்பதற்கு இத்தாலியின் மோந்தே கசினோ மடத்தை எப்போதும் சொல்வேன். 1944 பிப்ரவரி 15 அன்று, ஜெர்மானியர் உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்து நேச நாட்டு விமானங்கள் அந்தப் பழம்பெரும் மடத்தைத் தரைமட்டமாக்கின. ஜெர்மன் படை அப்போது மடத்துக்குள் இல்லை. அங்கே தஞ்சம் புகுந்திருந்த பொதுமக்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஜெர்மானியர் இடிபாடுகளுக்குள் வந்து உட்கார்ந்தார்கள், இடிபாடு இன்னும் நல்ல அரணாகிவிட்டது. மடத்தின் சுவடிகளும் கலைப்பொருள்களும் மட்டும் தப்பின, ஏனென்றால் சில மாதங்களுக்கு முன்பே அவற்றை வண்டிகளில் ஏற்றி ரோமுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1951இல், கொரியப் போரின்போது, தென்கொரியாவின் ஹெயின்சா மடத்தின் பக்கம் கெரில்லாக்கள் இருக்கிறார்கள் என்று குண்டுவீச உத்தரவு வந்தது. தென்கொரிய விமானப்படை அதிகாரி கிம் யங்-ஹ்வான் அதைச் செய்ய மறுத்தார். 80,000க்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் செதுக்கிய பௌத்த நூல் தொகுதி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். அந்தப் பலகைகள் இன்றும் இருக்கின்றன. ஹேக் உடன்படிக்கை அப்போது எழுதப்படவே இல்லை என்பதையும் கவனியுங்கள். விமானிக்கு ‘கீழே என்ன இருக்கிறது’ என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இராணுவத்தினருக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உடன்படிக்கை வற்புறுத்துவது இதனால்தான்.

உள்நாட்டுப் போருக்கும் கலவரத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

உள்நாட்டுப் போருக்குப் பொருந்தும். மேலே சொன்ன ‘மதிக்கும்’ கடமை, அரசுப் படைக்கு மட்டுமல்ல, எதிர்த்துப் போராடும் ஆயுதக் குழுவுக்கும் உண்டு என்று 1954 உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்கிறது.

கலவரம், கும்பல் வன்முறை என்றால் பொருந்தாது. இரண்டாம் நெறிமுறை அதை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981இல் முழுப் போர் தொடங்கியிருக்கவில்லை என்பதால், மிகப் பெரிய ஒரு பண்பாட்டு அழிவு இந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்தில் நடந்தது. அந்த மாதிரி நேரத்தில் அந்தந்த நாட்டுச் சட்டமும் காவல்துறையும்தான் காக்க வேண்டும், காக்க வேண்டியவர்களே வேடிக்கை பார்த்தாலோ சேர்ந்துகொண்டாலோ கேட்க ஆளில்லை. சட்டத்தில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், இராணுவத் தேவையை இல்லை.

இதுவரை யாராவது தண்டனை வாங்கியிருக்கிறார்களா?

வாங்கியிருக்கிறார்கள், குறைவுதான். 1991 டிசம்பர் 6 அன்று குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரத்தின் மேல் குண்டு பொழிந்ததற்காக மியோத்ராக் யோக்கிச், பாவ்லே ஸ்ட்ருகர் என்ற இரு தளபதிகளை முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. 2012இல் மாலி நாட்டின் திம்புக்டுவில் ஞானியரின் கல்லறை மாடங்களையும் ஒரு மசூதியின் பழைய கதவையும் உடைத்த வழக்கில் அகமது அல்-ஃபகி அல்-மஹ்திக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் 9 ஆண்டுச் சிறை விதித்தது. பண்பாட்டு அழிவு ஒன்றையே குற்றச்சாட்டாக வைத்து அந்த நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு அது.

உலக மரபுப் பட்டியலில் இருக்கும் இடத்தை யுனெஸ்கோ காப்பாற்றாதா?

யுனெஸ்கோவிடம் படை இல்லை. டுப்ரோவ்னிக் 1979இலும் பல்மைரா 1980இலும் திம்புக்டு 1988இலும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. மூன்றுக்கும் என்ன நடந்தது என்று மேலே பார்த்தோம். பட்டியல் கவனத்தைத் தரும், பணம் திரட்ட உதவும், பிறகு வழக்குக்கும் உதவும்.

போர் நடக்கும்போது பயன்படக்கூடியது வேறொரு பட்டியல், இரண்டாம் நெறிமுறையின் ‘மேம்பட்ட பாதுகாப்பு’. 2024 நவம்பரில் லெபனானின் 34 இடங்களுக்கு அதைத் தற்காலிகமாக, அவசரமாகக் கொடுத்தார்கள். இந்தப் பாதுகாப்பு பெற்ற இடத்தைத் தாக்குவதும், அங்கே படையை நிறுத்துவதும் கடுமையான குற்றம். எதிரிக்கு மட்டுமல்ல, சொந்த நாட்டுப் படைக்கும் அதே கட்டுப்பாடு என்பதால்தான் சில அரசுகள் விண்ணப்பிக்கவே தயங்குகின்றன.

சரி, போர் வரும் போலிருக்கிறது என்று தெரிந்தால் ஓர் அருங்காட்சியகமோ நூலகமோ என்ன செய்ய முடியும்?

முதலில் பட்டியல். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் என்ன தொலைந்தது என்றும் தெரியாது, தொலைந்தது எங்கோ விற்பனைக்கு வந்தால் ‘எங்களுடையது’ என்று நிரூபிக்கவும் முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு புகைப்படம், அளவு, என்ன பொருளால் ஆனது, உடைசல், கீறல், எழுத்து போன்ற தனி அடையாளம், இருக்கும் இடம். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். பட்டியல் அதே கட்டடத்தில் இருந்து சேர்ந்து எரிந்தால் என்ன பயன்?

ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் 1949 ஜனவரி 26 அன்று தீப்பிடித்து, தொன்மையான சுவரோவியங்கள் கருகிப்போயின. ஆனால் 1935இல் யாரோ பொறுமையாக அவற்றைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்து வைத்திருந்தார்கள். பின்னாளில் ஓவியர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மறுபடி வரைந்தார்கள். அடுத்த வருடமே ஜப்பான் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது, இன்றும் ஜனவரி 26 அங்கே தீத்தடுப்புப் பயிற்சி நாள்.

இரண்டாவது, நகர்த்த முடியாததைப் போர்த்துவது. 1943 ஆகஸ்டில் மிலானில் லியோனார்டோவின் கடைசி இராவுணவு ஓவியம் இருந்த கூடத்தின் மேல் குண்டு விழுந்து கூரையும் பக்கச் சுவரும் போயின. ஓவியம் இருந்த சுவர் மட்டும் நின்றது, ஏனென்றால் அதற்கு முன்பே மணல் மூட்டையும் சாரமும் வைத்து அணைத்திருந்தார்கள். லெபனானின் பெய்ரூத் தேசிய அருங்காட்சியகம் உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் நடுவே இருந்த எல்லைக்கோட்டிலேயே சிக்கிக்கொண்டபோது, அதன் பொறுப்பாளர் மோரிஸ் ஷெஹாப் பெரிய கற்பெட்டிகளைச் சுற்றிக் கான்கிரீட் பெட்டகங்களை எழுப்பி மூடிவிட்டார். போர் முடிந்து உடைத்துப் பார்த்தபோது அவை உள்ளேயே இருந்தன.

இடத்தை விட்டு வேறிடத்துக்கு எடுத்துப் போவதா, அங்கேயே ஒளித்துவைப்பதா? எது நல்லது?

நேரமும் பாதையும் இருந்தால் இடமாற்றம், இல்லாவிட்டால் ஒளித்துவைப்பது. இடமாற்றத்தில் இருக்கும் ஆபத்தைக் குறைத்து எடை போடக் கூடாது: சாலையில் அதிர்வு, ஈரம், வழியில் கொள்ளை. இரண்டாம் உலகப் போரில் லண்டனின் தேசிய ஓவியக் கூடம் தன் ஓவியங்களை வேல்ஸின் ஒரு கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய், உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் பார்த்துக்கொண்டது. போய்ச் சேர்ந்த இடத்தை யார் பராமரிப்பார்கள் என்று யோசித்த பிறகுதான் அவர்கள் வண்டி எடுத்தார்கள்.

திம்புக்டுவில் இந்த வசதி ஒன்றும் இல்லை. 2012இல் அப்தெல் காதர் ஹைதராவும் அவரோடு சேர்ந்த குடும்பங்களும் தகரப் பெட்டிகளில் சுவடிகளை அடைத்து, முதலில் வீடுகளில் பதுக்கி, பிறகு வண்டியிலும் படகிலும் சிறுகச் சிறுக தலைநகர் பமாகோவுக்குக் கடத்தினார்கள். இலட்சக்கணக்கான சுவடிகள் தப்பின. தலைமுறை தலைமுறையாகச் சுவடியை வீட்டில் வைத்துக் காத்த குடும்பங்களின் பழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஒளித்துவைப்பதற்கு பாக்தாதைச் சொல்லலாம். 2003 போருக்கு முன்பே அருங்காட்சியக ஊழியர்கள் காட்சிக்கு வைத்திருந்த 8,000க்கும் மேற்பட்ட பொருள்களை ஓர் இரகசிய இடத்தில் வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தார்கள். அவை தப்பின. வெளியே இருந்தவற்றில் ஏறத்தாழ 15,000 பொருள்கள் அந்த ஏப்ரலில் கொள்ளை போயின.

தீப்பிடித்துவிட்டது, அரை மணி நேரம்தான் இருக்கிறது. எதை முதலில் எடுப்பது?

அந்த அரை மணியில் யோசிக்க முடியாது. முன்பே எழுதி வைத்ததைத்தான் எடுக்க முடியும். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் எரிந்தபோது, இயேசு அணிந்ததாக நம்பப்படும் முள்முடியும் பிற அரும்பொருள்களும் முதலில் வெளியே வந்தன, ஏனென்றால் எது முக்கியம், எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தது. 2004இல் ஜெர்மனியின் வைமாரில் இருந்த அன்னா அமாலியா நூலகம் எரிந்தபோது இயக்குநர் மிகாயேல் க்னோக்கே 1534ஆம் ஆண்டின் லூதர் பைபிளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார், ஆட்கள் வரிசையாக நின்று ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் கைமாற்றினார்கள். அப்படியும் 50,000 நூல்கள் போயின.

பட்டியலில் கொஞ்சம் பொருள்களே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தளம், அறை, அலமாரி, எத்தனை பேர் தூக்க வேண்டும், சாவி யாரிடம் என்று எழுதுங்கள். ஒரு பிரதி தீயணைப்பு நிலையத்தில் இருக்கட்டும், வருடத்துக்கு ஒருமுறை அவர்களை அழைத்து நடந்து காட்டுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் அன்றே பாருங்கள். 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் 2 கோடிப் பொருள்கள் இருந்த தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. எனக்கு இந்த ஒரு தகவலை நினைத்தாலே இன்னும் வயிறு எரிகிறது.

வெள்ளத்தில் புத்தகமும் சுவடியும் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைக்கலாமா?

கூடாது. நேர் வெயிலில் காகிதம் நெளியும், அட்டை வளையும், ஓலை சுருண்டு வெடிக்கும். ஆனால் சும்மா விடவும் கூடாது, ஏனென்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். முதலில் மின்சாரம் அணைந்திருக்கிறதா, சுவர் உறுதியா என்று பாருங்கள், கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், எடுப்பதற்கு முன் படம் பிடியுங்கள்.

புத்தகத்தை மூடிய நிலையிலேயே வையுங்கள், திறந்து பார்க்காதீர்கள். சேறு இருந்தால் மூடியபடியே சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசலாம், தேய்க்கக் கூடாது. கொஞ்சம்தான் நனைந்திருந்தால் செங்குத்தாக நிறுத்தி, இதழ்களை இலேசாக விரித்து, இடையிடையே உறிஞ்சும் வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். நிறைய இருந்தால், கையால் காயவைத்து முடிக்க முடியாது என்று தெரிந்தால், தாளில் சுற்றி மைனஸ் 20 டிகிரி உறைநிலையில் வைத்துவிடுங்கள். உறையவைப்பது சரிசெய்வதில்லை, அது நேரம் வாங்கித் தரும். ஆச்சே ஆவணங்களுக்கும் வைமார் நூல்களுக்கும் அதைத்தான் செய்தார்கள், பிறகு வெற்றிட அறையில் பனியை நேராக ஆவியாக்கி உலர்த்தினார்கள். கண்ணாடித் தகட்டுப் படங்களையும் ஓவியங்களையும் உறையவைக்க வேண்டாம். பழைய புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது, ஈரம் இருக்கும்போதே பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்புங்கள்.

ஓலைச்சுவடி பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். கட்டை அவிழ்த்து, ஏடுகளின் வரிசையைக் குறித்துக்கொண்டு, உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, இலேசான பாரம் ஏற்றி நிழலில் உலர்த்த வேண்டும். எழுத்தில் பூசிய கரி கரைந்துபோனது என்று கலங்கித் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எழுத்து எழுத்தாணியின் கீறலில்தான் இருக்கிறது. ஓலை முழுசாக இருந்தால் பிறகு கரி பூசி வாசிக்கலாம்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு இடிபாடுகளை உடனே அள்ளிவிடுவதுதானே பாதுகாப்பு?

உயிர் மீட்புக்காக அள்ளுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதற்குப் பிறகு வரும் அவசரம்தான் பிரச்சினை. செதுக்கிய தூணும் பலகையும் கல்லும் குப்பையோடு சேர்ந்து போனால் திரும்பக் கட்ட ஒன்றும் மிஞ்சாது. விழுந்த இடத்தை எண் போட்டுப் படம்பிடித்து, கட்டடத்துக்கு ஒரு குவியலாகப் பிரித்து, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள், காட்மாண்டுவின் காஷ்டமண்டபமும் விழுந்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நம்பப்பட்ட கட்டடம் அது. விழுந்த பிறகு நடந்த அகழாய்வில் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. மண்ணை அவசரமாக வழித்தெடுத்திருந்தால் அந்த ஐந்நூறு வருடங்கள் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா?

செய்ய வேண்டும், தயங்காமல் செய்ய வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னூலாக்கி வருவது, 1981இல் நடந்தது மறுபடி நடந்தாலும் எழுத்து அழியாமல் இருக்க. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அந்நாட்டு அருங்காட்சியகங்கள், நூலகங்களின் வலைத்தளங்களை வேறு நாட்டுச் சேவையகங்களில் நகலெடுத்தார்கள். மின்வடிவமும் ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அந்தச் சேவையகமும் எரியும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

ஆனால் போதாது. காகிதத்தின் நார், மையின் கலவை, கட்டிய நூல், ஓரத்தில் யாரோ வைத்த கைரேகை, இவை ஸ்கேனில் வராது. கோப்பைத் திறக்கும் மென்பொருள் மாறும், வன்தட்டு பழுதாகும். குறைந்தது மூன்று நகல், அவற்றில் ஒன்று வேறு ஊரில், வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால்தான் அது காப்பு.

போர் நடக்கும் இடத்திலிருந்து வந்த சிலை விற்பனைக்கு இருக்கிறது. நான் வாங்கிக் காப்பாற்றினால் நல்லதுதானே?

நல்ல மனதோடு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த குழியைத் தோண்டும் கூலி. தோண்டி எடுத்த சிலைக்குப் பக்கத்தில் என்ன இருந்தது, எந்த மண்ணடுக்கு என்ற தகவல் அந்த நிமிடமே அழிந்துவிடுகிறது, சிலை பிழைத்தாலும் அதன் கதை செத்துவிடுகிறது. 2003இல் ஈராக் பொருள்களுக்கும் 2015இல் சிரியப் பொருள்களுக்கும் ஐ.நா. பாதுகாப்பு அவை வணிகத் தடையே போட்டது.

காவல்துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். பாக்தாதில் கொள்ளை போன வார்க்கா ஜாடி, ஏறத்தாழ 5,000 வருடம் பழையது, திருப்பித் தருபவரிடம் கேள்வி கேட்க மாட்டோம் என்று அறிவித்த பிறகு 2003 ஜூனில் துண்டுகளாகத் திரும்பி வந்தது. யாரும் விலை கொடுக்கவில்லை.

ஆபத்தில் இருக்கும் இடத்தைப் பற்றிப் படத்தோடு சமூக ஊடகத்தில் போட்டால் உதவி கிடைக்குமே?

சில நேரம் உதவி கிடைக்கும், சில நேரம் கொள்ளைக்காரன் வருவான். பொருள்களை எங்கே மாற்றினார்கள், யார் காவல், எந்த வழியில் போகிறார்கள் என்பதை எந்தக் காரணத்துக்காகவும் பொதுவில் போடாதீர்கள், இருப்பிடக் குறிப்போடு படமும் வேண்டாம். சேதத்தைப் படம்பிடித்திருந்தால் அசல் கோப்பை மாற்றாமல் வைத்திருங்கள், தேதியோடு. அது பிற்பாடு வழக்கில் சாட்சியாகலாம்.

இடிந்ததை மறுபடி கட்டினால் அது போலிதானே?

எதற்காக, யார் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தை நாஜிகள் திட்டமிட்டு இடித்தார்கள். மக்கள் அதை மீண்டும் எழுப்பினார்கள், போருக்கு முன் எடுத்த அளவு வரைபடங்களையும் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் வைத்து. 1980இல் அந்த மறுகட்டுமானமே உலக மரபுப் பட்டியலில் ஏறியது. 1993இல் வீழ்த்தப்பட்ட போஸ்னியாவின் மொஸ்தார் பாலம் 2004இல் மறுபடி நின்றது. திம்புக்டுவின் கல்லறை மாடங்களை உள்ளூர்க் கொத்தனார்களே பழைய மண்கலவையில் கட்டினார்கள், அது அவர்கள் எப்போதும் பூசிப் பராமரித்த கட்டடம் என்பதால் அங்கே போலி என்ற கேள்வியே எழவில்லை. பாமியானில் மாடக்குழி இன்றும் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையையே சாட்சியாக விடலாம் என்று சொல்பவர்களும் உண்டு, அந்தக் கருத்துக்கு நான் மரியாதை தருகிறேன்.

என் கருத்து: அங்கே வாழ்பவர்கள் கேட்டால் கட்டலாம். எது பழையது, எது புதியது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். வீடில்லாத மக்கள் பக்கத்தில் கூடாரத்தில் இருக்கும்போது நினைவுச் சின்னத்தை மட்டும் அவசரமாகத் திறப்பு விழாவுக்குத் தயார் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதே. எதை விடுவது என்று யார் முடிவு செய்வது?

தீப்பிடித்தால் எதை முதலில் எடுப்பது என்ற பதிலில் இதைத் தாண்டிப் போய்விட்டேன், ஏனென்றால் இதுதான் கடினமான கேள்வி. வல்லுநர்கள் பழைமையையும் அருமையையும் பார்ப்பார்கள். அங்கே வழிபடுபவரும் படிப்பவரும் வேறொன்றைச் சொல்வார்கள்: விலை மதிப்பில்லாத ஒரு சாதாரணப் பதிவேடு, நூறு வருடம்கூட ஆகாத ஓர் உற்சவப் பொருள், ஊரார் பெயர் எழுதிய ஒரு பலகை. பட்டியல் போடும் நாளிலேயே இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், பிடிக்காத பேச்சும் அங்கே வரும், வரட்டும்.

அல்-மஹ்தி வழக்கில் 2017இல் நீதிமன்றம் 27 இலட்சம் யூரோ இழப்பீடு நிர்ணயித்தபோது இழந்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தது. மாலி அரசுக்கும் யுனெஸ்கோவுக்கும் அடையாளமாக ஆளுக்கு ஒரு யூரோ. தனித்தனி இழப்பீடு, பிழைப்பே அந்த மாடங்களை நம்பியிருந்தவர்களுக்கும், தங்கள் முன்னோரின் கல்லறை உடைபட்டதைப் பார்த்த வழித்தோன்றல்களுக்கும்.